கம்பி போட்ட ஜன்னல்

பிரான்ஸின் தெற்கே, சேன் ரெமி என்ற சிற்றூரின் ஓரத்தில் இருக்கிறது சேன் போல் த மோசோல் மடம். துறவிகள் வாழ்ந்த பழைய கட்டடம். பிற்காலத்தில் மனநல மருத்துவமனை ஆனது. 1889 மே 8 அன்று ஓவியர் வின்சென்ட் வான்கோ இங்கே வந்து சேர்ந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தனக்குச் சிகிச்சை தேவை என்று அவரே முடிவெடுத்து வந்தார்.

சுற்றுலாக் குழுவோடு வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு, இதைக் கேட்டதும் சுருக்கென்றது. அவளுடைய தம்பியும் இப்படி ஒரு மருத்துவமனையில்தான் இருக்கிறான். உறவினர்கள் கேட்டால் 'வெளியூரில் வேலை' என்பார்கள் வீட்டில். இரண்டு வருடங்களாக அதே பதில். குழுவில் உடன் வந்திருக்கும் சித்திக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

கல் தூண்கள் சூழ்ந்த முற்றத்தைக் கடந்து படியேறினால், வின்சென்ட் தங்கியதுபோல் அமைத்து வைத்திருக்கும் அறை. இரும்புக் கட்டில், நாற்காலி, கம்பி போட்ட ஜன்னல். இப்படியொரு ஜன்னல் வழியே விடியலுக்கு முந்தைய வானத்தைப் பார்த்துத்தான் 'நட்சத்திர இரவு' ஓவியத்தை வரைந்தார். ஓவியத்தில் கம்பிகள் இல்லை!

நோய் விட்டுவிட்டு வந்தது. தெளிந்த நாட்களில் தூரிகையை எடுத்தார். ஐரிஸ் பூக்கள், சைப்ரஸ் மரங்கள், ஆலிவ் தோப்பு என ஒரே வருடத்தில் ஏறக்குறைய 150 ஓவியங்கள்.

வண்ணங்களும் பணமும் பாரிஸிலிருந்து தம்பி தியோ அனுப்பினார். கடிதங்களும் நிற்கவில்லை. 1890 ஜனவரியில் தனக்கு மகன் பிறந்தபோது, மருத்துவமனையில் இருந்த அண்ணனின் பெயரையே வைத்தார். அது மறைக்க வேண்டிய பெயராக அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் குழந்தைக்காக வின்சென்ட் வரைந்தவைதான், நீல வானில் வெள்ளையாகப் பூத்த பாதாம் கிளைகள்.

அதே ஆண்டு மே மாதம் வின்சென்ட் இங்கிருந்து கிளம்பினார். ஜூலையில் இறந்தபோது வயது 37. தம்பியின் பாசத்தால் நோயை வெல்ல முடியவில்லை. ஆனால், கடைசிவரை அவரைத் தனியாக விடவில்லை.

மடத்தை ஒட்டி இன்றும் மனநல சிகிச்சை நடக்கிறது. சிகிச்சை பெறும் பெண்கள் வரைந்த ஓவியங்களை விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். சின்னதாக ஒன்றை வாங்கினாள் அவள்.

"யாருக்கும்மா?" என்றாள் சித்தி.

"தம்பிக்கு. அவன் வெளியூர்ல வேலை பார்க்கலை சித்தி. ஆஸ்பத்திரியில இருக்கான்."

சித்தி ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "ஊருக்குப் போனதும் நானும் வந்து பார்க்கலாமா?"