குழாயில் ஒட்டிய பெயர்

நோயாளர் வைத்தியரை அறிவர், தாதியரை அறிவர், தமது குருதியைச் சோதிப்பவரை அறியார். மூடிய கதவின் பின்னே நடைபெறும் அப்பணி, காகிதத் துண்டொன்றில் எழுதப்பட்ட எண்ணாகவே வெளிப்படுகின்றது. அவ்வெண்ணை நம்பியே மருந்து எழுதப்படுகின்றது.

மலையகத்து வைத்தியசாலையொன்றின் ஆய்வுகூடத்திலே பணிபுரியும் பெண்ணொருத்தியின் நாள், பனி விலகுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. தேயிலைத் தோட்டத்து லயத்திலே பிறந்து, கொழுந்து பறிக்கும் தாயின் உழைப்பினாற் கற்றவள் அவள். முதலிற் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் உள்ளதா எனக் குறித்துக்கொள்வாள். பின்னர், விடை முன்னரே தெரிந்த மாதிரியொன்றைக் கருவியிற் செலுத்துவாள். அவ்விடை பிழைக்குமாயின், பிழை திருத்தப்படும் வரை எவருடைய குருதியும் அக்கருவியிற் செல்லலாகாது.

அதன்பின் மாதிரிகள் வந்து சேரும். வளைந்திறங்கும் தோட்டப் பாதைகளிலே தாமதம் இயல்பு. குருதியிலுள்ள குளுக்கோசைக் கலங்கள் தாமே உண்டுவிடுவதால், புளோரைட்டு இடாத குழாயில் அதன் அளவு மணிக்கு மணி குறையும். கொக்கிப்புழுவின் முட்டைகளோ ஓரிரு நாளிலே பொரித்துவிடும். ஆதலின், எப்போது எடுத்தது என்பதே அவளுடைய முதல் வினா.

அப்புழு மலையகத்திற்குப் புதியதன்று. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே அதனை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். அன்றும் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்தோர் பெயரறியாப் பணியாளரே. வெறுங்காலின் தோலூடே புகுந்து குடலிற் குருதி குடிக்கும் அப்புழு, சோகைக்கான காரணங்களுள் ஒன்று. கருவுறாத பெண்ணொருத்தியின் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமிற் குறையின் அது சோகை எனப்படும். 8 என்னும் எண்ணைக் காணும்போது, கூடை சுமந்து மலையேறுபவளின் மூச்சிரைப்பே அவள் செவியிற் கேட்கும்.

ஒருநாள் அவள் குருதி வங்கிக் கடமையில் இருந்தாள். பொருத்தம் பார்ப்பதற்காக இரு குழாய்கள் வந்தன. இரண்டிலும் ‘லெட்சுமி’ என்றே எழுதப்பட்டிருந்தது, முதலெழுத்தில்லை, பதிவிலக்கமில்லை.

“பேருதான் எழுதியிருக்கே, மிஸ்” என்றார் கொண்டுவந்த சிற்றூழியர்.

“எந்த லெட்சுமி?” என்றாள் அவள்.

குழாய்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அவசர வேளையிலே இத்தகைய பிடிவாதமா எனச் சிலர் சினந்தனர். புதிய மாதிரிகள் வந்தபின், ஒருத்தியின் குருதி ஓ வகை, மற்றவளின் குருதி பீ வகை எனத் தெரிந்தது. குருதி வகைகள் உளவென லான்ட்ஸ்ரைனர் 1901 இல் எடுத்துரைத்தார். எனினும் வகையறிந்து பயனென்ன, குழாயிலுள்ள பெயர் மாறிவிடின்?

மலையகத்தார்க்குப் பெயர் என்பது சிறு விடயமன்று. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட பெயர்களோடு அலுவலகப் படிகளில் அலைந்தோர் அநேகர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினோருள் எஞ்சியோர்க்கு, 2003 ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. இன்னார்தாம் நாம் எனக் காகிதத்தினால் நிறுவ வேண்டியிருந்த மக்களின் மகள் அவள். ஒரு பெயர் சரியாக எழுதப்படுவதன் பெறுமதியை அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அவ்விரு பெண்களும் தத்தம் தோட்டங்களுக்குத் திரும்பினர். அவளை அவர்கள் அறியார். மறுநாட் காலை அவள் மீண்டும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டாள்.