மூன்று ஓலைகள்

கடந்த ஆண்டு தவக்காலத்தில் ஒரு நண்பகல். பங்கு இல்லத்தின் திண்ணையில் தாயும் மகளும் வந்து அமர்ந்தனர். நேமத்தான்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து, வெயிலில் நடந்த களைப்பு இருவர் முகத்திலும் தெரிந்தது. செட்டிநாட்டின் பெரிய வீடுகளை எழுப்பிய கொத்தனார் மரபில் வந்த குடும்பம். பதினான்கு மாதங்களுக்கு முன் அந்த மகளுக்குத் திருமணத்தை நிறைவேற்றி வைத்தவன் நானே. கணவர் கனடாவில் பணிபுரிகிறார்.

"சாமி, இது கல்யாணமே இல்லைன்னு எழுதிட்டாங்க" என்றார் தாய்.

கடிதத்தை வாசித்தேன். அப்படி எழுதியிருக்கவில்லை. மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவர் அளித்த விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலருக்கு, இத்திருமணம் உண்மையானதுதானா என்ற ஐயம் எழுந்திருந்தது. முப்பது நாள்களுக்குள் விளக்கம் தரலாம் என்றிருந்தது. ஆலயச் சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை. திருமணத்திற்கு வந்தவர்கள் இருபத்திரண்டு பேர் மட்டுமே. மணமக்கள் சேர்ந்திருந்தது ஒன்பது நாள்கள். தொலைபேசியில் வினவியபோது, கணவர் செய்யும் வேலை என்ன, யாருடன் தங்கியிருக்கிறார் என்ற கேள்விகளுக்கு மனைவியால் விடை கூற இயலவில்லை.

தாய் குற்றம் முழுவதையும் பெயரின்மீதே சுமத்தினார். நம் மக்களுக்கு இது புதிய துன்பமன்று. திருமுழுக்குப் பதிவேட்டில் புனிதை ஒருவரின் பெயர். பள்ளியில் வீட்டார் அழைக்கும் பெயர். கடவுச்சீட்டிலோ தலைப்பெழுத்து விரிந்து, தந்தையின் பெயரே குடும்பப் பெயராக வந்து ஒட்டிக்கொள்ளும். மறுகரையில் இறங்கியபின் அலுவலகங்களில் அப்பெண்ணை அவளுடைய தந்தையின் பெயர் சொல்லியே அழைப்பார்கள். பிறந்த நாளும் இவ்வாறே பள்ளியில் ஒன்று, ஆலயத்தில் ஒன்று.

"புத்தகத்துல ரெண்டு எழுத்தை மாத்திக் கொடுத்தா என்ன சாமி? ஆண்டவர் பொறுத்துக்க மாட்டாரா?"

"ஆண்டவர் பொறுத்துக்கொள்வாரம்மா, ஆயர் பொறுக்கமாட்டார்" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

பதிவேடு என் உடைமையன்று. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், எங்கள் திருமணங்களை ஆயர் வகுத்த முறையில் பதிவுசெய்து, காலாண்டுக்கு ஒருமுறை அரசுக்கு அறிவிக்கச் சொல்கிறது. மணமக்கள், குரு, சாட்சிகள், இடம், நாள் ஆகியவற்றை எழுதிவைக்கத் திருச்சபைச் சட்டமும் (எண் 1121) பணிக்கிறது. திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டிலும் அது குறிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், சார்பதிவாளர் அலுவலகத்திலும் தொண்ணூறு நாள்களுக்குள் பதிய வேண்டியிருக்கிறது. இத்தனை ஏடுகளில் ஒன்றில் நான் எழுத்தை மாற்றினால் மற்றவை என்னைக் காட்டிக்கொடுக்கும். அதைவிட, ஐயத்தோடு பார்ப்பவர் கையில் திருத்திய தாளைக் கொடுப்பது அப்பெண்ணுக்கே தீங்கு. இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரியின் ஒப்பம் பெற்றுவரச் சொன்னேன்.

மற்ற மூன்று காரணங்கள் எளிதில் தீர்பவை அல்ல. 2010 செப்டம்பர் 30-க்கு முன், ஒரு திருமணம் உண்மையற்றதாகவும் இருந்து, குடியேறும் நோக்கத்தையே முதன்மையாகக் கொண்டதாகவும் இருந்தால்தான் கனடாவின் விதி அதைத் தள்ளியது. அன்றுமுதல் இரண்டில் ஒன்றிருந்தாலே போதும். 'உம்' போய் 'அல்லது' வந்தது. அந்த ஓர் இடைச்சொல்லில் எத்தனை குடும்பங்கள் தொங்குகின்றன! 2012 முதல் 2017 வரை, பிள்ளையில்லாப் புதுத் தம்பதியர் ஈராண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவுரிமை நிலைக்கும் என்ற நிபந்தனையும் அங்கிருந்தது. கணவரின் கொடுமையைச் சொன்னால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பெண்கள் அஞ்சி அடங்கிக் கிடக்கும் நிலை வந்ததால் அதை நீக்கினார்கள். அமெரிக்காவில் 1986-இல் வந்த இத்தகைய ஈராண்டு நிபந்தனை இன்றும் உண்டு.

திருச்சபைச் சட்டம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. மணமக்கள் வாயால் சொன்னதும் உள்ளத்தில் கொண்டதும் ஒன்றே என்று அது முதலில் நம்புகிறது (எண் 1101). அல்லவென்பவர் மெய்ப்பிக்க வேண்டும். அங்கோ மெய்ப்பிக்க வேண்டியவர்கள் மணமக்களே. இந்த வேறுபாட்டை எண்ணி எனக்குச் சினம் மூண்டது. ஒரு வலுவான கடிதம் எழுதிவிடலாம் என்று திருமண ஏட்டை எடுத்து வந்தேன்.

ஏட்டின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: 'இரண்டு ஓலைகளுக்கு விலக்கு.'

திருமண அறிவிப்பை நாம் இன்றும் ஓலை என்றே சொல்கிறோம். இம்மண்ணுக்கு அச்சொல் பொருந்தும். நகரத்தார் தம் திருமணத்தில் இரு வீட்டார் இசைவையும் 'இசைகுடிமானம்' என்று எழுதிவைப்பர். முற்காலத்தில் அது ஓலையில் எழுதப்பட்டது. மணமான தம்பதியர் தங்கள் நகரக் கோயிலில் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் ஏறுவர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கணவர் வணிகத்துக்குச் சென்று, மனைவியர் ஆண்டுக்கணக்கில் இங்கேயே காத்திருந்த ஊர்கள் இவை. ஆனால் அக்கரைக்குப் போனவர் யார், அவர் தொழில் என்ன என்று ஊருக்குத் தெரியும். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும் அதற்கே: தடை அறிந்தவர் எழுந்து சொல்லட்டும் என்று.

அந்த மணமகன் மூன்று வார விடுப்பில் வந்தார். விமானச் சீட்டைக் காட்டினார்கள். நான் விலக்குக் கேட்டு எழுதினேன், கிடைத்தது. அவர் மணமாகாதவர் என்பதற்கு அங்குள்ள பங்குத்தந்தை தந்த சான்று மட்டும் முறையாக வந்திருந்தது. திருமண விசாரணையை இதே திண்ணையில் கால் மணி நேரத்தில் முடித்தேன். "மனம் ஒப்புகிறாயா?" என்றேன், அவள் தலையசைத்தாள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவளிடம் நான் கேட்கவில்லை. நான் கேளாமல் விட்டதைத்தான் அந்த அலுவலர் கேட்டிருக்கிறார்.

முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் இவ்வாறே விரைந்து ஒரு மணத்தை நிறைவேற்றினேன். போன மணமகன் தாள்களை அனுப்பவே இல்லை. அப்பெண் ஏழாண்டுகள் இரண்டாம் வரிசையில் அமர்ந்து திருப்பலி கண்டாள். நற்கருணை வழங்கும்போது அவள் முகத்தை நான் பார்ப்பதைத் தவிர்த்துவந்தேன்.

தோபித்து நூலின் ஏழாம் அதிகாரத்தில், இரகுவேல் தம் மகள் சாராவுக்கு மண ஒப்பந்தம் எழுதுகிறார். மகள் எக்பத்தானாவை விட்டுத் தொலைவிலுள்ள நினிவேக்குப் போக வேண்டியவள். ஆயினும் ஏட்டைக் கொண்டுவரச் சொல்வதற்கு முன் அவர், வந்தவன் யார் மகன் என்று அறிகிறார். சாராவை முன்பு ஏழு பேருக்கு மணமுடித்துக் கொடுத்ததையும் அவர்கள் இறந்ததையும் மறைக்காமல் சொல்கிறார். நான் ஏட்டிலிருந்தே தொடங்கிவிட்டிருந்தேன்.

அன்றைய ஞாயிறு இரவு கணவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அங்கே காலை. மனைவி என்னருகே இருந்தாள். விசாரணைத் தாளை மீண்டும் முதலிலிருந்து கேட்டேன். தரகர் அவரை மேற்பார்வையாளர் என்று சொல்லியிருந்தார். குளிர்பதனக் கிடங்கில் இரவுப் பணியில் இறைச்சிப் பெட்டிகளை அடுக்குவதாகவும், மூவருடன் ஓர் அறையில் தங்கியிருப்பதாகவும், சொல்ல வெட்கமாக இருந்ததென்றும் அவர் சொன்னார். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள், "ராத்திரி அங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். நான் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன். உள்ளே பேச்சு ஒரு மணிக்கு மேல் நீண்டது.

என் கடிதத்தில் கண்டதை மட்டும் எழுதினேன். மணமகளின் பாட்டனார் இறந்து நாற்பது நாள் ஆகாத வீடு. ஆதலால் விருந்தில்லை, கூட்டமில்லை. இருவரும் வாக்களித்ததை நான் கேட்டேன். விலக்குப் பெற்றதையும் மறைக்கவில்லை. தெரிந்தவற்றையும் தெரியாமல் இருந்தவற்றையும் அவள் தன் கைப்பட நான்கு பக்கம் எழுதி இணைத்தாள். கோப்பு போய்ப் பல மாதங்கள் ஆகின்றன. விடை வரவில்லை.

சென்ற வாரம் வேறொரு குடும்பத்தார் வந்தனர். மாப்பிள்ளைக்குப் பதினெட்டு நாள் விடுப்பு. ஓலைக்கு விலக்கு வேண்டும் என்றனர். மூன்று ஞாயிறும் வாசிப்பேன் என்று சொன்னேன். விமானச் சீட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுவரக் காரைக்குடிக்குப் போயிருக்கிறார்கள்.