காலி வண்டியில எடுத்த அளவு

எங்க வீட்டு கார் 2009 மாடல் ஸ்விஃப்ட். அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அதை இறக்கணும்னு ஆசைப்பட்டது நான். ரெண்டு செமஸ்டர் லீவுல ஒரு கடையில சிசிடிவி மாட்டப் போய்ச் சேர்த்த காசு இருந்தது. "ஓட்டுறது நீங்க, அழகு பார்க்கிறது நான்"னு சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வச்சேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஸ்பீட் பிரேக்கர்ல தட்டாதுல்ல?" தட்டாதுன்னு சொன்னேன்.

முதல்ல 35 மி.மீ. இறக்குற ஸ்பிரிங் போட்டாச்சு. இறக்கின வண்டியில கம்பெனி ஸ்டீல் ரிம் இருந்தா பேன்ட்டை மடிச்சு விட்டுட்டு ஹவாய் செருப்பு போட்ட மாதிரி இருக்கும். அதனால அலாய் தேடி புதுப்பேட்டைக்குப் போனேன். 15 இன்ச், 7 ஜே அகலம், நாலு போல்ட். பி.சி.டி. 100, நம்ம வண்டிக்கும் 100. நாலு நட்டும் கச்சிதமா உட்கார்ந்தது. கடைக்காரர் "பக்காவா செட்டாயிடுச்சு தம்பி"ன்னார். நானும் நம்பினேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன், நட்டு உட்கார்ந்தா வீல் செட்டாயிடுச்சுன்னு நம்பினேன்!

ரிம்முக்குப் பின்னாடி 25னு ஒரு நம்பர் பொறிச்சிருந்தது. அதுதான் ஆஃப்செட். ரிம்மோட நடுக்கோட்டுக்கும், ஹப்புல அது போய் ஒட்டுற முகத்துக்கும் உள்ள தூரம், மில்லி மீட்டர்ல. இந்த நம்பர் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும். எங்க பழைய ரிம் 5 ஜே, ஆஃப்செட் 45. கணக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. 5 இன்ச்ங்கிறது 127 மி.மீ., அதுல பாதி 63.5, அதுல 45 போனா 18.5. அதாவது ஹப் முகத்துல இருந்து ரிம்மோட வெளி விளிம்பு 18.5 மி.மீ. தள்ளி இருக்கு. புதுசுக்கு 7 இன்ச், 177.8 மி.மீ., பாதி 88.9, அதுல 25 போனா 63.9. ஆக விளிம்பு 45 மி.மீ. வெளியே வந்திருக்கு. ஒன்றரை இன்ச்சுக்கு மேல! இந்தக் கணக்கை நான் போட்டது எல்லாம் முடிஞ்ச பிறகு.

டயர் 195/55 ஆர்15 வாங்கினேன். பழைய 165/80 ஆர்14ஓட முழு விட்டம் கிட்டத்தட்ட 620 மி.மீ. புதுசு 595தான். நாலு சதவீதம் சின்னது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டினா வண்டி நிஜமா 96ல போகும். வண்டியும் இன்னொரு 12 மி.மீ. தாழ்ந்துடும். அதையும் பிறகுதான் யோசிச்சேன்.

மாட்டின அன்னைக்கு வண்டி என்ன அழகா இருந்துச்சு தெரியுமா? பின் டயரும் ஃபெண்டரும் ஒரே கோட்டுல. ரெண்டு விரல் போற இடைவெளி இருந்தது. போதும்னு நினைச்சேன். தெருவுல தனியா நாலு ரவுண்ட் ஓட்டினேன், ஒரு சத்தமும் இல்லை. ஃபோட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்புல போட்டதுக்கு வந்த ஹார்ட்டுங்களை எண்ணிக்கிட்டே தூங்கினேன்.

மூணாவது வாரம் அத்தை பொண்ணுக்கு வளைகாப்பு. திண்டிவனத்துல இருந்து மரக்காணம் பக்கம் போகணும். அப்பா ஓட்ட, முன்னாடி தாத்தா, பின்னாடி அம்மா, பெரியம்மா, நான். டிக்கியில சீர்வரிசைத் தட்டு, பழக்கூடை, ஒரு பலாப்பழம். ஊரைத் தாண்டின முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே பின்னாடி 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். அப்பா கண்ணாடியில என்னைப் பார்த்தார். "தரை தட்டுதுப்பா, மெதுவா போங்க"ன்னேன். தரை தட்டலை. ஃபெண்டரோட உள்மடிப்புத் தகடு டயர் தோளைச் சீவிக்கிட்டு இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சீவல்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி வண்டி ஒரு பக்கமா இழுத்தது. இறங்கிப் பார்த்தா இடது பின் டயர் வெளிப்பக்கம் கத்தியால கீறின மாதிரி, உள்ளே நூல் தெரியுது, காத்து இறங்கிக்கிட்டிருக்கு. அந்த ரோட்டுல லாரிங்க போற வேகத்துக்கு அது ஒரேயடியா வெடிச்சிருந்தா? அதை நான் முழுசா நினைச்சுப் பார்க்கலை, இப்பவும் நினைக்கப் பிடிக்கலை.

அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஜாக்கி வச்சார். நான் செய்றேன்னேன், "நீ தாத்தாவை நிழல்ல உட்கார வை"ன்னார். ஸ்டெப்னியை மாட்டி முடிச்சு, வெள்ளை வேட்டியில கரி ஒட்டின கையோட எழுந்தார். திட்டலை. "அளந்து பார்த்தியா?"ன்னு மட்டும் கேட்டார்.

"பார்த்தேன்ப்பா."

"யார் உட்கார்ந்திருந்தப்ப?"

பதில் இல்லை. ஸ்பிரிங்னா எடை ஏறினா அமுங்கும்னு பத்தாம் வகுப்புல படிச்சது. நான் அளந்தது யாருமே இல்லாத வண்டியை.

அந்த செட்டை பாதி விலைக்குத் தள்ளிட்டேன். அடுத்த தடவை அளவை எடுத்துக்கிட்டுப் போய் ரிம் தேடினேன். 15 இன்ச், 6 ஜே, ஆஃப்செட் 40. வெளி விளிம்பு 18 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாத்தான் தள்ளும். டயர் 195/60, விட்டம் 615, பழசோட வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த ரிம்முக்கு நடு ஓட்டை 73.1 மி.மீ., ஸ்விஃப்ட் ஹப் 54.1. அந்த இடைவெளிக்கு பிளாஸ்டிக் ஹப் ரிங் போட்டதும் எண்பதுல வர்ற ஸ்டீயரிங் நடுக்கம் போயிடுச்சு. முதல் செட்டுலயும் அந்த நடுக்கம் இருந்தது. அதை ரோடு சரியில்லைன்னு சொல்லித் தள்ளியிருந்தேன். இறக்கின வண்டிக்கு வீல் அலைன்மென்ட் கட்டாயம், அதையும் அப்பதான் செஞ்சேன்.

இன்னொண்ணு. பதிவுச் சான்றிதழ் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவு இருக்கு. 2019ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லியிருக்கு. நாளைக்கு இன்சூரன்ஸ் கேட்டுப் போனா கேள்வி வரலாம். என்னைப் பார்த்துச் செய்றவங்க இதையும் தெரிஞ்சுக்கிட்டுச் செய்ங்க.

புது வீல் மாட்டின ஞாயித்துக்கிழமை, பின் ஃபெண்டர் உள்மடிப்புல களிமண்ணை விரல் தடிமனுக்கு உருட்டி ஒட்டினேன். உரசினா நசுங்கியிருக்கும், பார்த்தா தெரிஞ்சிடும். டிக்கியில ரெண்டு அரிசி மூட்டை. அம்மா, தாத்தா, பக்கத்து வீட்டு அண்ணா, எல்லாரையும் கெஞ்சி ஏத்தினேன். அப்பா ஓட்டினார். வேணும்னே ஊர்ல இருக்கிற ஸ்பீட் பிரேக்கர் எல்லாத்துலயும் ஏத்தி இறக்கினார்.

திரும்பி வந்ததும் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். களிமண் ஒட்டினபடியே இருந்தது, என் விரல் ரேகைகூட அழியலை. அப்பாவும் பக்கத்துல குனிஞ்சு பார்த்தார்.

"டேய், நாங்க இறங்கலாமா?"ன்னு உள்ளேயிருந்து அம்மா குரல்.