நின்றுபோன மாதங்கள்

2009 ஆம் ஆண்டு மே மாதம் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு 25 வயது. ஒரே தறப்பாளின் கீழ் மூன்று குடும்பங்கள் இருந்தோம். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் நேரங்களில் பெண்கள் மெதுவாகப் பேசிக்கொள்ளும் விடயம் ஒன்றிருந்தது. "எனக்கு மூன்று மாதமாய் வரேல்லை." "எனக்கும் அப்பிடித்தான்." யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உயிர் தப்பி வந்ததே பெரிய காரியம். உண்மையைச் சொன்னால் அது எங்களுக்கு ஒருவித நிம்மதியாகவும் இருந்தது. துணிக்கும் தண்ணீருக்கும் மறைவுக்கும் வழியில்லாத இடத்தில் மாதவிடாய் வராமல் இருப்பதே நல்லது என்று நினைத்தோம்.

"பசியும் பயமும்தான் பிள்ளை. சாப்பாடு ஒழுங்கானால் எல்லாம் தானாய் வரும்" என்றார் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர். அவர் சொன்னது பிழையல்ல. 2010 இல் கிளிநொச்சிக்குத் திரும்பிய பின் எனக்குத் தெரிந்த அநேகமான பெண்களுக்கு ஒழுங்காகிவிட்டது. எனக்கு மட்டும் அப்படி ஆகவில்லை. இரண்டு மாதம் வரும், பிறகு ஐந்து மாதம் வராது. இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டும். தகரக் கூரையின் வெக்கை என்று நினைத்தேன். நித்திரையில்லாமையும் எரிச்சலும் மறதியும் கண்ட காட்சிகளின் மிச்சம் என்று நினைத்தேன். உடம்பில் வந்த எல்லாவற்றையும் போரின் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். நான் விட்ட பிழை அதுதான். அதே பிழையை இன்னொரு சகோதரி விடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் கணவர் புனர்வாழ்வு முடிந்து 2011 இல் வீடு வந்தார். அதன் பிறகு எனக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் மாமியின் முகம் மலரும். "முழுகாமல் இருக்கிறாயோ பிள்ளை?" என்று கேட்டு, தன் பங்கு முட்டையையும் என் கோப்பையில் வைப்பார். சில வாரங்களில் ஒன்றுமில்லை என்று தெரியவரும். மாமி ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் ஊர் சொல்லும். கோயில்களுக்கு நேர்த்தி வைத்தோம். விரதம் இருந்தேன். ஒரு தடவை வைத்தியரிடமும் போனேன். "யோசனையைக் குறையுங்கோ, எல்லாம் சரிவரும்" என்று சொல்லி, மாதவிடாயை வரவழைக்க மாத்திரை தந்தார். குருதிப் பரிசோதனை எதுவும் செய்யச் சொல்லவில்லை. மாத்திரை முடிய மாதவிடாயும் நின்றுவிட்டது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

2014 இல் ஒருநாள் சைக்கிளில் இருந்து விழுந்தேன். பெரிய விழுகை இல்லை. மணலில் சறுக்கிக் கையை ஊன்றினேன், அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. என்பு முறிவு பார்த்த வைத்தியர் எக்ஸ்றேயை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காய் வருதோ?" என்று கேட்டார். கை முறிந்து வந்தவளிடம் இது என்ன கேள்வி என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து வருடமாக யாரும் கேட்காத, நானும் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

அவர் என்னைப் பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்பினார். ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை குருதி எடுத்தார்கள். ஸ்கான் பண்ணினார்கள். தைரொயிட்டையும் சோதித்தார்கள். கடைசியில் அங்கிருந்த பெண் வைத்தியர் என்னை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். என் சூலகங்கள் வயதுக்கு முந்தியே வேலையைக் குறைத்துவிட்டன. சாதாரணமாக ஐம்பது வயதளவில் வரவேண்டியது எனக்கு முப்பதில் வந்திருந்தது.

அவர் சொன்ன உதாரணம் இன்றும் நினைவில் இருக்கிறது. மூளையின் அடியில் உள்ள கபச் சுரப்பி எப்.எஸ்.எச். என்ற ஓமோனை அனுப்பிச் சூலகத்தை வேலை வாங்குகிறது. அதைக் கிணற்றில் இறங்கும் வாளி என்று வைத்துக்கொள்ளலாம். பட்டினியிலும் பெரும் அதிர்ச்சியிலும் மூளையே வாளியை இறக்குவதை நிறுத்திவிடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, அள்ளத்தான் ஆளில்லை. அப்போது எப்.எஸ்.எச். அளவு கூடியிருக்காது. உணவும் அமைதியும் திரும்பினால் மாதவிடாயும் திரும்பும். என் நிலை வேறு. கிணறு வற்றிக்கொண்டு போனதால் வாளி திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தது. எப்.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல மாதவிடாய் வராமை. எது எது என்று பிரித்துச் சொல்வது குருதிப் பரிசோதனைதான்.

முகாமில் இருந்த அந்த அம்மாவின் சொல்லுக்கு வரலாற்றிலும் சான்று உண்டு என்று பின்னர் வாசித்து அறிந்தேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45 இல், நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பெரும் பஞ்சத்தில் சிக்கியது. அங்கே ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்று, உணவு கிடைத்த பின் மீண்டும் வந்தது. அந்தப் பஞ்சத்தைச் சிறுபிள்ளைகளாக அனுபவித்தவர்களுக்கு மாதவிடாய் நிரந்தரமாக நிற்கும் வயது சற்று முந்தியது என்று 2003 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஆனால் அது சராசரியில் ஏறக்குறைய இரண்டு வருட வித்தியாசம்தான். எனக்கு நேர்ந்ததுபோல இருபது வருடம் அல்ல.

"அப்ப எனக்கு இது போரால் வந்ததில்லையோ டொக்டர்?" என்று கேட்டேன். ஆம் என்று அவர் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். குற்றம் சொல்ல ஒன்று இருந்தால் துக்கம் கொஞ்சம் இலேசாகும். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் பத்து முதல் இருபது இலட்சம் முட்டைக் கருக்கள் இருக்கும். பெரியபிள்ளை ஆகும்போது மூன்று நான்கு இலட்சம் மிஞ்சும். அவற்றில் வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிவருவது நானூறு ஐந்நூறு மட்டுமே. சிலருக்கு இந்தச் சேமிப்பு வேகமாகக் கரைகிறது. நிறமூர்த்தக் குறைபாடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்பையே தாக்குவது, புற்றுநோய்க்கான மருந்தும் கதிர்ச் சிகிச்சையும், சூலகத்தில் செய்த சத்திரசிகிச்சை என்று சில காரணங்களை மருத்துவம் கண்டிருக்கிறது. பெரும்பாலான பெண்களுக்குக் காரணம் இன்னதென்று பிடிபடுவதில்லை. எனக்கும் பிடிபடவில்லை. விரதத்தில் குறை, செய்த பாவம், கண்ணூறு என்று ஊர் சொன்ன எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை என்பது மட்டும் எனக்கு ஆறுதல்.

இதற்கு இட்ட பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. 1942 இல் அமெரிக்க வைத்தியர் புல்லர் ஒல்பிரைட் இதைச் 'சூலகப் போதாமை' என்ற பொருளில் விவரித்தார். பிறகு நெடுங்காலம் 'சூலகச் செயலிழப்பு' என்றே மருத்துவ உலகம் அழைத்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களில் இதை நீண்டகாலம் ஆராய்ந்த வைத்தியர் லோரன்ஸ் நெல்சனும் அவருடன் வேலை செய்தவர்களும் பழைய பெயருக்கே திரும்பவேண்டும் என்று வாதாடினார்கள். ஏனென்றால் பலருக்குச் சூலகம் முற்றாக நின்றுவிடுவதில்லை. இடைக்கிடை விழித்து வேலை செய்கிறது. இந்த நிலையிலுள்ள பெண்களில் 5 முதல் 10 வீதமானோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கருத்தரித்திருக்கிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. ஆனாலும் 'இழப்பு' என்பதற்கும் 'போதாமை' என்பதற்கும் உள்ள தூரம், அந்தச் சொல்லைக் கேட்டு வீடு திரும்பும் பெண்ணுக்குத்தான் தெரியும். அதே நிறுவகத்தார் 2005 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தங்களுக்கு இந்தச் செய்தி சொல்லப்பட்ட விதம் மனதை நோகடித்தது என்று பெரும்பாலான பெண்கள் கூறியிருந்தார்கள். என் வைத்தியர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தளவில் நான் கொடுத்துவைத்தவள்.

சகோதரிகளே, இதைப் பிள்ளைப்பேறு பற்றிய விடயம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். "எனக்குப் பிள்ளை இல்லை என்றாகிவிட்டது, இனி மருந்தெதற்கு?" என்று கேட்டேன். வைத்தியர் என் கட்டுப் போட்ட கையைக் காட்டினார். சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் என்புக்கும் காவல், இருதயத்துக்கும் காவல். அது ஐந்து வருடம் குறைந்திருந்ததற்கு என் மணிக்கட்டுத்தான் சாட்சி. கணவனை இழந்தவர்கள், மணமாகாதவர்கள், பிள்ளைப்பேறு முடிந்தவர்கள் ஆகியோருக்கும் இந்த மருந்து தேவைதான். மண் சுமந்து, தண்ணீர் அள்ளி, தனியாகக் குடும்பத்தை நடத்தும் பெண்ணுக்கு என்பு முறிந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

ஓமோன் மாத்திரை போட்டால் புற்றுநோய் வரும் என்று அயலில் பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 2002 இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்று ஓமோன் மருந்தின் ஆபத்துகளை எடுத்துச் சொன்னது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 50 முதல் 79 வயது வரையானவர்கள். சராசரி வயது 63. நாற்பதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் எடுப்பது மேலதிகமாக எதையும் அல்ல, உடம்பில் இருக்கவேண்டியது இல்லாமல் போனதற்கு ஈடாகத்தான். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் போன்ற சிலருக்கு இது ஏற்றதல்ல என்பதால் வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். மற்றவர்கள் ஐம்பது வயதளவு வரை எடுப்பது நல்லது என்பதே மருத்துவரின் பொதுவான முடிவு. நான் எடுக்கிறேன். இரவில் நித்திரை வருகிறது. முருங்கையிலையும் நெத்தலியும் பாலும் சேர்க்கிறேன், தினமும் வெயிலில் நடக்கிறேன்.

முன்னர் நூறு பெண்களில் ஒருவருக்கு இது வரும் என்று எழுதினார்கள். 2024 இல் ஐரோப்பிய, அமெரிக்க, அவுஸ்திரேலிய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி 3.5 வீதம் என்கிறது. நாற்பது வயதுக்கு முன் நான்கு மாதமோ அதற்கு மேலோ மாதவிடாய் நின்றால், அல்லது ஒழுங்கு கெட்டுப்போனால், முதலில் கர்ப்பமா என்று பார்த்து, இல்லையென்றால் எப்.எஸ்.எச். பரிசோதனை செய்யவேண்டும். அநேகமாக ஒரு தடவை குருதி எடுத்தாலே இப்போது போதும். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். "யோசனைதான் காரணம்" என்று யாராவது சொன்னால், "அதைக் குருதியில் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

2019 இல் என் அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள். சடங்கில் தண்ணீர் வார்க்கவும் ஆலாத்தி எடுக்கவும் பிள்ளை பெற்றவர்களை அழைத்தார்கள். நான் பின்னால் நின்று பலகாரத் தட்டுகளை அடுக்கினேன். மனம் நோகவில்லை என்று சொன்னால் பொய். எல்லோரும் போன பிறகு அவளைக் கூப்பிட்டுச் சுவரில் ஒரு கலண்டரைக் கொழுவி, பென்சிலைக் கயிற்றில் கட்டிவிட்டேன். சில குடும்பங்களில் இது தொடர்ந்து வருவதுண்டு என்று வைத்தியர் சொல்லியிருந்தார். "மாதாமாதம் வருகிற நாளைக் குறி. வராவிட்டால் அதையும் குறித்து எனக்குச் சொல்லவேணும்" என்றேன். "ஏன் சித்தி?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அளவில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் இன்னும் குறித்துக்கொண்டு வருகிறாள். என் பதினெட்டு வயதில் எனக்கும் யாராவது ஒரு பென்சில் கட்டித் தந்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருப்பாள். அவளுக்கு நீங்கள் கட்டிக் கொடுங்கள்.