வெர்னரின் கட்டுரைப் பட்டியல்: சில குறிப்புகள்

ஆல்ஃபிரட் வெர்னர் எழுதிய கட்டுரைகளை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு படிக்கிறேன். எத்தனை கட்டுரை என்று எண்ணத் தோன்றவில்லை. 1893-க்கும் 1911-க்கும் நடுவில் இருக்கும் பதினெட்டு ஆண்டுகள்தான் கண்ணில் நிற்கின்றன.

*

1893. ஜெர்மன் கனிம வேதியியல் இதழின் 3-ஆம் தொகுதி, பக்கம் 267 முதல் 330 வரை. அப்போது அவருக்கு வயது 26. நடு இரவில் இரண்டு மணிக்கு விழித்தவர், மாலை ஐந்து மணி வரை எழுதிக்கொண்டே இருந்தாராம். உலோக அணுவைச் சுற்றி ஆறு இடங்கள், எண்முகி வடிவம், இரண்டு வகை இணைதிறன் என்று பிளஸ் டூ பாடத்தில் நாம் படிப்பதெல்லாம் அதிலேயே வந்துவிட்டது. ஆனால் அவர் கையால் செய்த சோதனை அதில் ஒன்றுகூட இல்லை. முதலில் சொல்லிவிட்டார், வாழ்நாள் முழுக்க நிரூபித்தார்.

*

அப்படியானால் ஆதாரம் எங்கிருந்து? பெரும்பகுதி கோபன்ஹேகனில் இருந்த யோர்கென்சனின் உப்புகளிலிருந்து. அவரோ வெர்னரை எதிர்த்தவர். அம்மோனியா மூலக்கூறுகள் சங்கிலியாகத் தொடுத்துக்கொண்டிருக்கின்றன என்று நம்பியவர். எதிராளியின் அளவீடுகள் அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் வெர்னரால் அவற்றின்மேல் கட்ட முடிந்தது. இதை எந்த மேற்கோள் எண்ணிக்கையும் காட்டாது.

*

கோபால்ட் குளோரைடுடன் ஆறு அம்மோனியா சேர்ந்தால் மஞ்சள், ஐந்து சேர்ந்தால் செவ்வூதா, நான்கு சேர்ந்தால் பச்சை. மஞ்சள் கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தயிர்போல வெள்ளையாகத் திரண்டு விழும்: மூன்று குளோரைடும் இறங்கிவிட்டன. செவ்வூதாவில் இரண்டு, பச்சையில் ஒன்று. உடனே விழுவது மட்டுமே கணக்கு. சூடாக்கினால் உள்ளே இருப்பதும் மெல்ல வெளியே வந்துவிடும். அந்த வெள்ளையை ஜன்னலோரம் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஊதா பாய்ந்து கருக்கும். ஒரு சோதனைக் குழாயும் சொட்டுக் குழலும் இருந்தால் போதும், எந்த குளோரின் உலோகத்தைப் பிடித்திருக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று தெரிந்துவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

*

நான்கு அம்மோனியா உப்பு எண்முகி என்றால் பச்சைக்கு ஊதாவில் ஒரு சிஸ் மாற்றியம், அதாவது இரண்டு குளோரினும் அடுத்தடுத்து நிற்கும் வடிவம், இருந்தாக வேண்டும். "எங்கே அது?" என்பதுதான் யோர்கென்சனின் கேள்வி. 1907-இல் வெர்னர் செய்து காட்டினார். யோர்கென்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலையும் நான் அவருடைய சாதனைகளில்தான் சேர்ப்பேன்.

*

ஜூரிக்கில் வெர்னரின் நிலவறை ஆய்வகம். மாணவர்கள் அதைக் கல்லறைச் சுரங்கம் என்றார்கள். அங்கே எடித் ஹம்ஃப்ரி என்ற ஆங்கிலேயப் பெண் 1901-இல் முனைவர் பட்டத்துக்காகச் செய்த கோபால்ட் படிகங்களில் ஒன்று, வலக்கை இடக்கைபோல இரு வடிவம் கொள்ளும் சேர்மம். எண்முகிக்கு ஆதாரமாக, ஒளியைச் சுழற்றும் இத்தகைய சேர்மத்தைத் தேடி அலைந்தவரின் ஆய்வகத்திலேயே அந்தக் குப்பி இருந்திருக்கிறது. பத்து ஆண்டு கழித்து, 1911-இல், அமெரிக்க மாணவர் விக்டர் கிங்கின் கைகளில்தான் இத்தகைய இரு வடிவங்களின் முதல் பிரிப்பு நடந்தது. கட்டுரைப் பட்டியலில் இந்தப் பத்து ஆண்டு வெறும் இடைவெளி.

*

பிறகு மடை திறந்தது. 'சமச்சீரற்ற கோபால்ட் அணு' என்ற தலைப்பில் வரிசையாகக் கட்டுரைகள். நடுவில், 1913-இல், நோபல் பரிசு. அப்போதும் ஒரு முணுமுணுப்பு மிச்சம்: ஒளியைச் சுழற்றுவது ஈனியில், அதாவது உலோகத்தோடு இணைந்த மூலக்கூறில், இருக்கும் கார்பனாக இருக்கலாமே? 1914-இல் வந்த பன்னிரண்டாம் கட்டுரை அதற்குப் பதில். ஹெக்ஸால் அயனியில் நான்கு கோபால்ட், சுற்றிலும் அம்மோனியா, ஹைட்ராக்சைடு. கார்பன் ஓர் அணுகூட இல்லை. அதுவும் ஒளியைச் சுழற்றியது.

ஹெக்ஸாலை முதன்முதலில் தயாரித்தவர் யோர்கென்சன். அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்துபோயிருந்தார்.