எதில் சிக்கனம்?

ஜோகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிற்கும் லாபிசுக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூர் சாஆ. ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும் இரப்பர்த் தோட்டங்களும் உள்ளன. வீட்டுக் கொல்லைகளில் மா, பலா, டுரியான், ரம்புத்தான் எனப் பலவகை மரங்கள் நிற்கின்றன. மரங்கள் சூழ்ந்த ஊரில் மரம் வெட்டும் கருவிக்கு ஓய்வு குறைவு. கூரையின் மேல் சாய்ந்த கிளையைக் கழிக்க வேண்டும். காற்றில் விழுந்த மரத்தைத் துண்டு போட வேண்டும். இவ்வேலைகளுக்குக் கைகொடுப்பது சங்கிலி இரம்பம். பேச்சு வழக்கில் அதனைச் ‘செயின்சா’ என்பர்.

சங்கிலி இரம்பம் தொடக்கத்தில் ஒருவர் கையில் அடங்கும் கருவியாக இருக்கவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்டிரியாஸ் ஸ்டீல் 1926ஆம் ஆண்டில் உருவாக்கிய மின்சார இரம்பத்தை இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. பின்னர், அமெரிக்காவைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைத் துளைத்துத் தின்னும் வண்டுப் புழுவின் தாடைகளைக் கூர்ந்து நோக்கினார். அப்புழு இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் செதுக்குவதைக் கண்டு, அதே முறையில் வெட்டும் பற்களைக் கொண்ட சங்கிலியை 1940களில் வடிவமைத்தார். இன்றைய சங்கிலிகளின் பற்களும் அவ்வழியில் வந்தவையே.

இவ்வகைக் கருவிகளுள் ஒன்று மேற்கைப்பிடி இரம்பம். இதன் பின்புறக் கைப்பிடி இயந்திரத்தின் மேலேயே அமைந்திருக்கும். எடை ஏறக்குறைய மூன்று அல்லது நான்கு கிலோகிராம்தான். மரத்தின் மேல் ஏறி, கயிற்றில் தொங்கியவாறு கிளை கழிப்பவர்களுக்காக இது வடிவமைக்கப்பட்டது. பெயர் பெற்ற நிறுவனங்களின் புதிய மேற்கைப்பிடி இரம்பம் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். கிளை கழித்துப் பிழைப்பவருக்கு அது பெருந்தொகை. எனவே, பலர் பழைய இரம்பத்தையோ மலிவு விலை இரம்பத்தையோ வாங்கி, அதனைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே பயன்படுத்துகின்றனர். கருவி நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும் அல்லவா?

சிற்றூர்ப் பட்டறைகளுக்கு இத்தகையோர் அடிக்கடி வருவர். “அண்ணே, எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. கார்புரேட்டரையே மாத்திடலாமா?” என்று கேட்பர். அனுபவமிக்க பழுதுபார்ப்பாளர் உடனே பாகத்தை மாற்ற மாட்டார். “தம்பி, கடைசியா எப்போ எண்ணெய் ஊத்தினே?” என்றுதான் முதலில் கேட்பார். மலிவாகப் பழுதுபார்க்கும் கலையின் முதல் பாடம் அக்கேள்வியில் இருக்கிறது. செலவில்லாத காரணத்தை முதலில் தேட வேண்டும்; செலவுமிக்க காரணத்தை இறுதியில் தேட வேண்டும்.

இயந்திரம் உயிர்பெறக் காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றும் தேவை. காற்று வடிகட்டியில் மரத்தூள் அடைத்திருந்தால் அதனைத் தட்டிக் கழுவிக் காயவைத்தாலே போதும். இதற்குக் காசு தேவையில்லை. அடுத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். அதன் முனையில் கரி படிந்திருந்தால் துலக்கிவிட்டு, இடைவெளியை ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டருக்குச் சரிசெய்யலாம். பிறகு, பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் சிறு வடிகட்டியையும் குழாய்களையும் சோதிக்க வேண்டும். குழாய் இறுகி வெடித்திருந்தால் சில ரிங்கிட்டில் புதியது கிடைக்கும்.

கார்புரேட்டருக்கு இதன் பின்னரே கை போக வேண்டும். மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைக் காக்க ஒரு மிதவை இருக்கும். இரம்பமோ சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்கப்படுவது. எனவே, மிதவைக்குப் பதிலாக மெல்லிய இரப்பர்ச் சவ்வுகள் இதில் உள்ளன. மாதக்கணக்கில் தொட்டியில் தேங்கிய பெட்ரோல் பிசினாகிச் சிறு துளைகளை அடைக்கும். காலப்போக்கில் சவ்வும் விறைத்துப் போகும். பெரும்பாலும் கார்புரேட்டர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. துளைகளைத் தூய்மைப்படுத்திச் சவ்வுகளை மட்டும் மாற்றினாலே இயந்திரம் மீண்டும் ஓடும். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவைக்கும் பழக்கம் இருந்தால் இச்செலவும் மிஞ்சும்.

சில வேளைகளில் குறை இயந்திரத்தில் இருப்பதில்லை. ‘இரம்பத்துக்குச் சக்தி குறைந்துவிட்டது’ என்பவர், கீழே விழும் தூளைக் கவனித்தாலே போதும். கூரான சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாக உதிர்க்கும். மழுங்கிய சங்கிலி மாவுபோன்ற தூளைத்தான் தரும். சிறிய இரம்பங்களின் சங்கிலியைப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் உருண்டை அரத்தால் தீட்டலாம். ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கையில் இராவ வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இராவினால் இரம்பம் நேராக வெட்டாமல் வளைந்து செல்லும். பொறுமையாக இராவத் தெரிந்தவர் புதிய சங்கிலி வாங்குவதைப் பல மாதங்கள் தள்ளிப்போடலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய இரம்பம் மற்றொரு சோதனை. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜோகூரைத் தாக்கிய வெள்ளம் சாஆவையும் விட்டுவைக்கவில்லை. நீரில் கிடந்த இயந்திரத்தை எடுத்தவுடன் கயிற்றை இழுத்துப் பார்க்கவே பலருக்குத் தோன்றும். அது தவறு. முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். பின்னர், இரம்பத்தைக் கவிழ்த்து, கயிற்றை மெல்ல இழுத்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். தொட்டியைக் காலி செய்து, நன்கு உலர்த்தி, சிலிண்டருக்குள் சில துளி எண்ணெய் விட வேண்டும். இதனை உடனே செய்தால் பிழைத்துக்கொள்ளும் இயந்திரம், சில நாள் தாமதித்தால் துருப்பிடித்து வீணாகும்.

இவையெல்லாம் நல்ல சிக்கனம். கெட்ட சிக்கனமும் உண்டு. இவ்வியந்திரத்தில் பிஸ்டனுக்கான எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லை. பெட்ரோலோடு கலந்து செல்லும் டூ-டி எண்ணெயே பிஸ்டனைத் தேயாமல் காக்கிறது. 50க்கு 1 என்ற விகிதத்தைக் கேட்கும் இயந்திரத்துக்கு, 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் தேவை. 25க்கு 1 என்று கையேடு கூறினால் 40 மில்லிலிட்டர் வேண்டும். சில சென் மிச்சப்படுத்த எண்ணி அளவைக் குறைத்தால் பிஸ்டன் கீறிப்போகும். பிறகு, முதலுக்கே மோசம்.

சிலர் இரம்பத்தின் வேகத்தைக் கூட்ட விரும்பி, சைலன்சரைத் துளையிடுவதும் உண்டு. புகை எளிதாக வெளியேறினால் சக்தி கூடுவது உண்மையே. ஆனால், அதற்கேற்பக் கார்புரேட்டரைச் சரிசெய்யாவிட்டால் எரிபொருள் போதாமல் இயந்திரம் சூடேறும். ஏற்கெனவே 100 டெசிபெல்லைத் தாண்டும் ஓசையும் இன்னும் கூடும். சைலன்சரில் உள்ள தீப்பொறித் தடுப்பு வலையை அகற்றினாலோ, வறண்ட காலத்தில் லாலாங் புல் தீப்பற்றவும் கூடும். அதைவிட, இயந்திரத்துக்குப் பொருந்தும் குட்டையான வாளும் எகிறலைக் குறைக்கும் சங்கிலியும் பொருத்துவது பயனுள்ள மாற்றமாகும்.

எந்த நிலையிலும் கை வைக்கக்கூடாத பாகம் ஒன்று உண்டு. அதுதான் சங்கிலித் தடை. வெட்டும்போது சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வாளின் மேல்முனை மரத்தில் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் இரம்பம் முகத்தை நோக்கி எகிறும். அப்போது முன்னாலுள்ள கைக்காப்பு இடது கையில் மோதித் தடையை இயக்கி, சங்கிலியை நிறுத்தும். பழுதான தடையைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை பார்ப்பவர் தம் கையையும் கழுத்தையும் பணயம் வைக்கிறார். இலேசாக இருக்கிறதே என்று மேற்கைப்பிடி இரம்பத்தை ஒரு கையால் பிடிப்பதும் அத்தகையதே. மறு கையும் கைப்பிடியில் இல்லாவிட்டால், அது வெட்டு விழும் இடத்தில் இருக்கக்கூடும். உரிய பயிற்சி இல்லாதோர் இதனைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அதனால்தான் நல்ல பழுதுபார்ப்பாளர் வேலை முடிந்ததும் இரம்பத்தை உடனே ஒப்படைப்பதில்லை. இயந்திரம் மெதுவாக ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். தடையைத் தள்ளியதும் ஓடும் சங்கிலி சட்டென நிற்கிறதா என்றும் சோதிப்பார். நிற்காவிட்டால், “இன்னும் ஒருநாள் இருக்கட்டும் தம்பி” என்று கூறித் திருப்பி வைத்துக்கொள்வார். ஒருநாள் கூலி போய்விட்டதே என்று வாடிக்கையாளர் முணுமுணுக்கலாம். போன கூலியை மறுநாள் உழைத்து ஈட்டலாம். போன விரலை ஈட்ட முடியாது. கணக்குத் தெரிந்தவரின் சிக்கனம் இதுவே.