நாலு ஜெபாலயங்களும் ஒரு சித்திரக்காரியும்

ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில், பழைய யூதர் பேட்டையில், நாலு ஜெபாலயங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூத்தது 1671-லும் இளையது 1752-லும் எழுந்தவை. 1987 முதல் அவை யூதர்களின் காட்சிசாலை. நாம் அங்கே சென்றது சார்லட் ஸலோமன் என்னும் பெண்ணின் சித்திரங்களைக் காண.

சார்லட் 1917-ல் பெர்லினில் பிறந்தவள். தகப்பனார் டாக்டர், சிற்றன்னை பாடகி. மதாசாரம் மிகுந்த குடும்பமல்ல. கிறிஸ்துமஸ் கூடக் கொண்டாடுவார்கள். ஆயினும் நாஜிகளுக்கு அவள் யூதப் பெண்தானே! 1939-ல் தென் பிரான்ஸில் இருந்த பாட்டனாரிடம் போய்ச் சேர்ந்தாள். மறு வருஷம் பாட்டி தற்கொலை செய்துகொண்டாள். தன் தாயும் அவ்விதமே மாண்டவள் என்பது அப்போதுதான் சார்லட்டுக்குத் தெரிந்தது.

தானும் அவ்வழியே போவதா? சார்லட் தூரிகையை எடுத்தாள். சிவப்பு, நீலம், மஞ்சள் வர்ணங்களைக் குழைத்து, குடும்பக் கதை முழுவதையும் 1942-க்குள் தீட்டி முடித்தாள். ‘வாழ்க்கையா? நாடகமா?’ என்று பெயரிட்டாள். இன்ன காட்சிக்கு இன்ன இசை என்ற குறிப்பும் உண்டு. கட்டு முழுவதையும் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் ஒப்புவித்தாள். 1943 அக்டோபரில், கர்ப்பிணியாக இருந்த அவளை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். வயது 26.

ஹாலந்தில் ஒளிந்திருந்து பிழைத்த பெற்றோர், அச்சித்திரங்களை 1971-ல் இக்காட்சிசாலைக்கு அளித்தனர்.

ஜெபாலயத்துக்குப் போகாத யூத இளைஞர் பலர் இன்று வீட்டுக் கதைகளைச் சித்திரமாக்கித் தம் குலத்தை அறிய முயல்கிறார்கள். பாட்டி, தாய், பெண் மூவரும் ஓர் ஏட்டில் சேர்ந்து நிற்பதைக் காண்போருக்கு, அம்முயற்சியின் அருமை விளங்கும். நாம் வெகுநேரம் வாய் திறவாமல் நின்றோம்.